சத்தமில்லாமல் வெடித்த துப்பாக்கி

கரட்டுச்சுனைப்பட்டி என்று ஓர் ஊர். பஸ் உண்டு, தபால் உண்டு, காலையில் மூன்று மணி நேரம் தெருக்குழாயில் தண்ணீரும் உண்டு. சொன்ன பேச்சைக் கேட்கிற ஊர். அவ்வளவு சரியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிற ஊர் அந்த வட்டாரத்திலேயே வேறு கிடையாது. "பஸ் நிற்கணும்னா கையைக் காட்டணும்" என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டுப் போனான். அன்று முதல் பஸ் வந்து நின்றதும், டிரைவரிடம் உள்ளங்கையை நன்றாக விரித்துக் காட்டிவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்த ஊரில் தவசி என்று ஒருவன். ஊரிலேயே துப்பாக்கி உள்ள ஒரே ஆள். கடலைக்காட்டில் பன்றி இறங்காமல் பார்த்துக்கொள்ள லைசென்சோடு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி அது. வாய் வழியாக மருந்தைப் போட்டு இடித்து, விசைக்குப் பக்கத்தில் கேப்பு வைத்துச் சுடுகிற வகை.

அதன் இரும்பு எங்கேயோ வாங்கியது. ஆனால் கட்டை, அதாவது தோளில் வைத்துப் பிடிக்கிற மரப் பாகம், தவசியின் மாமனார் விருமையா தன் கையாலேயே செதுக்கியது. வேங்கை மரம். பதினோரு மாதம் உட்கார்ந்து இழைத்தார். மகள் பூவாயியைத் தவசிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க அவருக்கு அரை நாள்தான் ஆனது. கட்டையைக் கொடுப்பதா என்று யோசிக்க ஆறு மாதம் ஆனது.

கடைசியில் கல்யாணப் பந்தலில் வைத்து இரண்டையும் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். "மாப்பிள்ளை, பொண்ணு கோவிச்சுக்கிட்டா பேசித் தீர்த்துக்கலாம். கட்டையில கீறல் விழுந்தா பேச்சே கிடையாது. பொண்ணையும் கூட்டிக்கிட்டு, துப்பாக்கியையும் எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

தவசி அதை மறக்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் முதலில் கட்டையைப் பார்ப்பான், அப்புறம் பூவாயியைப் பார்ப்பான். இரண்டும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பல் விளக்குவான்.

பங்குனியில் பூவாயியின் தங்கைக்குப் பிரசவம். மகளை அழைத்துப்போக வந்த விருமையா துப்பாக்கியைத் தடவிப் பார்த்தார். "ஈரம் கோத்திருக்கு மாப்பிள்ளை. நல்லா காய வச்சு எடுத்து வைங்க" என்றார்.

நல்ல வெயில் வரட்டும் என்று காத்திருந்து, வைகாசிக் கடைசியில் தவசி அதைக் கூரைமேல் காய வைத்தான். மாமனார் 'நல்லா' என்று சொல்லியிருந்ததால் பதினாலு நாள் காய வைத்தான். உச்சி வெயிலில் வத்தலைத் திருப்புவதுபோல மணிக்கொரு தரம் ஏறித் திருப்பிப் போட்டான். தை மாதத்தில் ஒரு பன்றிக்காக இடித்த மருந்து உள்ளேயே கிடந்தது. பன்றி வரவில்லை, மருந்தையும் யாரும் வெளியே எடுக்கவில்லை. பதினாலு நாள் வெயிலில் அது வெடிக்காமல் இருந்தது அவன் ஜாதகம்.

ஆனால் கட்டை வெடித்துவிட்டது. பிடியில் ஆரம்பித்து, குழாய்க்குக் கீழே முன்பக்கம் வரை, ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு விரிசல். திங்கட்கிழமை காலையில் தவசி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்தார். 'வெள்ளிக்கிழமை அய்யனார் திருவிழாவுக்குப் பூவாயியோடு வருகிறேன். வழக்கம்போல முதல் வெடி என்னுடையது. கட்டையைத் துடைத்து வைக்கவும். விருமையா.'

தவசி கார்டை இரண்டு தடவை படித்தான். மூன்று மாதமாகத் தானே பொங்கித் தானே தின்று, வீட்டில் பேச ஆளில்லாமல் சட்டியோடு பேசிக்கொண்டிருந்தவன். வெள்ளிக்கிழமை வருகிற பூவாயி வெள்ளிக்கிழமையே திரும்பிப் போவதை நினைத்துப் பார்த்தான். தெருவுக்கு ஓடினான்.

தெருவில் மூன்று பேர் இருந்தார்கள். ஊர்த்தலைவர் நல்லகாமு, ஊரிலேயே அதிகமாக யோசிக்கிறவன் என்று பேர் வாங்கிய மாயழகு, எப்போதும் உடம்பில் ஏதாவது ஒரு இடம் சரியில்லாத ஒச்சப்பன்.

"தலைவரே, துப்பாக்கி வெடிச்சிருச்சு" என்றான் தவசி.

மூவரும் எழுந்துவிட்டார்கள்.

"சத்தம் கேக்கலையே" என்றார் நல்லகாமு.

"சத்தமில்லாமத்தான் வெடிச்சிருச்சு."

"அதுதான் ஆபத்து" என்றான் மாயழகு. "சத்தம் கேட்டா ஆளு விலகிக்குவான். யாரு மேல பட்டுச்சு?"

"தெரியலையே."

"குண்டு வெளிய வந்தா யாரு மேலயாவது பட்டுத்தான் ஆகணும்" என்றான் மாயழகு. ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒச்சப்பன் மெதுவாகச் சொன்னான். "எனக்குக் காலையில இருந்தே வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

அவ்வளவுதான். ஒச்சப்பனைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒரு கூட்டம் கூடிவிட்டது. யாரோ விசிறினார்கள், யாரோ பாலைக் கொண்டுவந்தார்கள். குண்டு துளைத்த இடம் தெரியவில்லையே என்று ஒருத்தர் கேட்டதற்கு, "தொப்புள் வழியாப் போயிருக்கும்" என்று மாயழகு விளக்கினான். ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டு, தன் ஆட்டுக்குட்டி யாருக்கு என்று சொல்ல ஆரம்பித்தான்.

அப்போதுதான் தவசி உள்ளே போய்த் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினான். "இங்க பாருங்க, கட்டைதான் வெடிச்சிருக்கு. ஒச்சப்பனுக்கு ஒண்ணுமில்லை."

ஒச்சப்பன் கண்ணைத் திறந்தான். அவனுக்குப் பெரிய ஏமாற்றம். இருந்தாலும் பாலைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

விஷயம் தெரிந்ததும் நல்லகாமு முடிவு சொன்னார். சந்தைப்பேட்டையில் குருநாத ஆசாரி இருக்கிறார். மர வேலையில் கெட்டிக்காரர். அவரிடம் போய்க் கேட்க வேண்டியது. ஆனால் லைசென்ஸ் துப்பாக்கியை ஊர் தாண்டிக் கொண்டுபோகக் கூடாதே, வெடிப்பை எப்படிக் காட்டுவது?

மாயழகு யோசித்தான். ஒச்சப்பனின் கையைக் கட்டைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வளைவு நெளிவு ஒன்றையும் விடாமல் கரியால் வெடிப்பை வரைந்தான். அச்சு அசலாக இருந்தது.

மறுநாள் நாலு பேரும் நடந்தே சந்தைப்பேட்டைக்குப் போனார்கள். குருநாத ஆசாரி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு கட்டுறவரு அடுத்த தெரு" என்றார்.

"கை நல்லாயிருக்கு ஆசாரி. இது துப்பாக்கிக் கட்டை" என்றான் தவசி.

ஆசாரி நாலு பேரையும் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னார்கள். "அப்ப சரி" என்று பெருமூச்சு விட்டு, நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார்.

"நல்லா கேட்டுக்கங்க. உள்ள மருந்து கிடந்தா முதல்ல அதை எடுத்துருங்க. அப்புறம் குழாயைக் கழட்டி ஓரமா வச்சிருங்க. வெடிப்பு மேல ஓடாம இருக்க, அது முடியற இடத்துல ஒரு சின்னத் துளை போடுங்க. இந்தா, வச்சிரம் தர்றேன். காய்ச்சினா பசையாகும். அதுல அதே மரத்துத் தூளைக் கலந்து வெடிப்புல விடுங்க. ரெண்டு முனையையும் அழுத்திப் பிடிச்சு, கயித்தால இறுக்கிக் கட்டுங்க. ஒரு பகல் அப்படியே இருக்கணும். காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, எண்ணெய் கொடுங்க. காஞ்ச மரம், நல்லா குடிக்கும். குடிக்கிற வரைக்கும் கொடுங்க."

"இவ்வளவுதானா?" என்றான் மாயழகு.

"இதைச் சொன்னபடி செஞ்சாலே போதும்" என்றார் ஆசாரி.

அதைவிடப் பெரிய தவறான வார்த்தையை அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் சொன்னதில்லை.

புதன்கிழமை காலை தவசி வீட்டில் வேலை தொடங்கியது. முதலில் மருந்து. "உள்ள மருந்து கிடந்தா எடுத்துரணும்" என்று சொல்லிக்கொண்டே மாயழகு வீட்டுக்குள்ளே போய்த் தேடினான். அடுக்குப் பானையில் பூவாயி வைத்துவிட்டுப் போன சுக்கு லேகியம் ஒரு சட்டி நிறைய இருந்தது.

"மருந்து எடுக்கிறதுன்னா சாப்பிடுறதுதானே?" என்றான் ஒச்சப்பன். "வைத்தியரும் என்கிட்ட மருந்து எடுத்தியான்னுதான் கேப்பாரு."

சரி என்று பட்டது. ஒச்சப்பன் ஒருவனே முழுச் சட்டியையும் எடுத்துக்கொண்டான். அதன் பிறகு அன்று முழுவதும் அவன் கரட்டுப் பக்கம் போவதும் வருவதுமாகவே இருந்தான்.

அடுத்து குழாய். இதில்தான் கொஞ்சம் தர்க்கம் வந்தது.

"துப்பாக்கி வேலைக்கும் தெருக்குழாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று தவசி கேட்டான்.

"பசைக்கு எது ஆகாது?" என்று மாயழகு திருப்பிக் கேட்டான்.

"தண்ணி."

"தண்ணி எங்க இருந்து வருது?"

தவசிக்கு ஆசாரியின் அறிவை நினைத்துக் கண் கலங்கியது. இரண்டு பேரும் பாறைக்கம்பியைப் போட்டு நெம்பித் தெருக்குழாயைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் நனைந்தார்கள், மாடுகள் அவிழ்த்துக்கொண்டு ஓடின, தெரு வாய்க்காலானது. "குழாயைக் கழட்டியும் தண்ணி வருதே" என்று தவசி கவலைப்பட்டான்.

"பழக்கதோஷம்" என்றான் மாயழகு.

தகவல் கேட்டு வந்த நல்லகாமு நிலைமையைப் பார்த்தார். தலைவர் என்றால் சும்மாவா. வேட்டியை மடித்துக்கொண்டு போய் அந்த ஓட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் நின்றது. ஒன்பது மணிக்கு ஊருக்கே தண்ணீர் நின்றுபோனது வேறு விஷயம். எழுந்திருக்கச் சொல்லி யாரும் சொல்லாததால் அவர் அங்கேயே இருந்தார்.

அதன் பிறகு எல்லாத் தீர்ப்பும் நடுத்தெருவில்தான். துளை போடுகிற விவகாரமும் அங்கேதான் வந்தது.

"தலைவரே, வெடிப்பு முடியற இடத்துல துளை போடணும். எங்க முடியுது?" என்றான் மாயழகு. "நான் இந்தப் பக்கம் நின்னு பார்த்தா பிடியில ஆரம்பிச்சு முன்னால முடியுது. தவசி அந்தப் பக்கம் நின்னு பார்த்தா முன்னால ஆரம்பிச்சு பிடியில முடியுதுங்கிறான்."

நல்லகாமு இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் நிறுத்திப் பார்த்தார். இரண்டும் நியாயமாக இருந்தது. தாடையைச் சொறிந்தார். "ஒருத்தன் பக்கம் தீர்ப்புச் சொன்னா இன்னொருத்தன் மனசு நோகும். நடுவுல போடு" என்றார்.

நடுவில் ஓர் ஆணியைக் காய்ச்சித் துளை போட்டார்கள். வெடிப்புக்கு நட்டநடுவே, பொட்டு வைத்ததுபோல. துளை விழுந்தபோது தவசிக்குத் தன் நெற்றியில் யாரோ குத்தியதுபோல இருந்தது. ஆனாலும் ஆசாரி சொன்னது ஆயிற்றே.

அடுத்தது மரத்தூள். ஒச்சப்பன் கரட்டுப் பக்கமிருந்து திரும்பும் வழியில் ஒரு பை நிறைய வேப்பமரத் தூளை அள்ளி வந்திருந்தான். மாயழகு அதை ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கொட்டிவிட்டான்.

"ஆசாரி என்ன சொன்னாரு? அதே மரம். இது வேம்பு, அது வேங்கை."

"வேங்கை மரத்துக்கு மலைக்குப் போகணும்" என்றான் தவசி.

"மலையில இருக்கிறதும் வேற மரம்தான்டா. அதே மரம்னா அதே மரம்தான். அது எங்க இருக்கு?"

எல்லோரும் கட்டையைப் பார்த்தார்கள்.

தவசி இரண்டு கையாலும் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். "மாமா பதினோரு மாசம் இழைச்சது" என்றான்.

மாயழகு பக்கத்தில் உட்கார்ந்து, பரிவாக எடுத்துச் சொன்னான். "ஏன்டா கலங்குற. தூள் எங்கயாவது வெளியூருக்கா போகப்போகுது? இதே கட்டைக்குள்ளதானே திரும்பப் போகப்போகுது. இந்தக் கோடியில இருக்கிற மரம் அந்த இடத்துக்குக் குடி போகுது, அவ்வளவுதானே. எடை போட்டுப் பாரு, குன்றிமணி குறையாது."

இதற்கு மேல் மறுத்துப் பேச தவசிக்குப் படிப்பு இல்லை. தோளில் வைக்கிற பின்முனையில் ரம்பத்தைப் போட்டு ஒரு விரல் கனத்துக்கு ஒரு வில்லை அறுத்தார்கள். தூள் ஒரு சிட்டிகைதான் வந்தது. இன்னொரு வில்லை அறுத்தார்கள். நாலு வில்லை அறுத்த பிறகுதான் உள்ளங்கை நிறையத் தூள் சேர்ந்தது. அறுத்த வில்லைகளை வீணாக்காமல் அடுப்பில் வைத்து, அந்த நெருப்பிலேயே வச்சிரத்தைக் காய்ச்சினார்கள். வேங்கை நன்றாக எரிந்தது.

பசை கொதித்து ஆறிப் பதத்துக்கு வந்தது. மாயழகு அதில் தூளைக் கலந்து வெடிப்பு நெடுகிலும் ஊற்றினான். துளையிலும் ஊற்றினான். கேட்டதற்கு மேலேயே ஊற்றினான், வழிந்தது. தவசி ஆசாரி சொன்னபடி ஒரு கையால் பிடியையும், ஒரு கையால் குழாய்க்குக் கீழே முன்முனையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மாயழகு கயிற்றால் இறுக்கிச் சுற்றினான். கட்டையைச் சுற்றினானா, தவசியின் கையைச் சுற்றினானா என்று அவனும் பார்க்கவில்லை, தவசியும் பார்க்கவில்லை.

"ஒரு பகல் அப்படியே இருக்கணும்" என்றான் மாயழகு.

தவசி அப்படியே இருந்தான். தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டான். மூக்கில் ஈ உட்கார்ந்தது, உட்காரட்டும் என்று விட்டான். பூவாயி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டான், அதில் பொழுது ஓடியது. ஒரு பகல் போய் மறுநாள் வந்ததும் கயிற்றை அவிழ்த்தார்கள். வெடிப்பு மூடியிருந்தது. விரலால் தடவினால்கூட இடம் தெரியவில்லை. குருநாத ஆசாரியின் வச்சிரம் அப்படிப்பட்டது.

தவசி கையை எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை. இன்னொரு கையால் இந்தக் கையை இழுக்கலாம் என்று பார்த்தான். அந்தக் கையும் வரவில்லை. வலது கையில் சுட்டுவிரல் ஒன்றுதான் பசைக்குத் தப்பி, விசைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"மாயழகு, கை ஒட்டிக்கிச்சு."

மாயழகு நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தான். "பசை நல்ல பசைன்னு தெரியுது" என்றான்.

"இப்ப என்ன செய்யறது?"

"கை ஒட்டினா என்ன செய்யணும்னு ஆசாரி ஒண்ணும் சொல்லலை. அதனால அடுத்த வேலையைப் பார்ப்போம்."

அடுத்தது உப்புத்தாள். மர வேலைக்காரர்கள் மரத்தை வழவழப்பாக்கத் தேய்க்கிற சொரசொரப்பான தாள் அது, கடையில் விற்கிறது. மாயழகு ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதில் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டு, நீவி நீவித் தேய்த்தான். கட்டை எங்கே முடிகிறது, தவசி எங்கே ஆரம்பிக்கிறான் என்று சரியாகத் தெரியாததால் இரண்டையும் சேர்த்தே தேய்த்தான். தவசி பல்லைக் கடித்துக்கொண்டு தெருவையே வெறித்துப் பார்த்தான்.

கடைசியாக எண்ணெய். அரைப்படி நல்லெண்ணெய் வந்தது.

"நல்லா குடிக்கும்னாரு" என்றான் ஒச்சப்பன்.

"குடிக்கணும்னா எது வழியாக் குடிக்கும்?" என்றான் மாயழகு.

அந்த ஊரில் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே சுலபமானது அதுதான். துப்பாக்கிக்கு வாய் எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தவசியை நிமிர்த்தி நிற்க வைத்து, வாயில் புனலை வைத்து ஊற்றினார்கள். குடித்தது. அரைப்படியும் குடித்துவிட்டு விளிம்பு வரை வந்து நின்றது. மேலே சிந்தாமல் இருக்கத் தேங்காய் நாரை உருட்டி அடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை உச்சிக்கு முன்னால் விருமையா வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, புதுத் தலைப்பாகை. பின்னால் பூவாயி, இடுப்பில் ஒரு பலாப்பழத்தோடு. நேராகக் கண்மாய்க்கரை அய்யனார் கோயிலுக்கு வந்தார்கள். ஊரே அங்கே நின்றது. முன்னால் தவசி, துப்பாக்கியை மார்புக்கு நேரே பிடித்தபடி நின்றான்.

"வாங்க மாமா" என்றான். கைகூப்ப முடியாததால் துப்பாக்கியை மேலே தூக்கிக் காட்டினான்.

விருமையாவுக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. பூவாயி மட்டும் புருஷனின் கைகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"மருந்து இடிச்சாச்சா மாப்பிள்ளை?"

"தை மாசமே இடிச்சாச்சு மாமா."

"அப்ப கொடுங்க" என்று கையை நீட்டினார்.

"கொடுக்க முடியலை மாமா."

விருமையா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் மருமகன் ஒரு தடவைகூட முதல் வெடிக்கு ஆசைப்பட்டதில்லை. இப்போதுதான் ரோஷம் வந்திருக்கிறது. "அதுக்கென்ன, இந்த வருஷம் நீங்களே போடுங்க" என்று தானே மடியிலிருந்து கேப்பை எடுத்து வைத்தார். குழாயை அண்ணாந்து பிடிக்கச் சொல்லி, பக்கத்திலேயே பெருமையாக நின்றுகொண்டார்.

தவசி அய்யனாரை நினைத்துக்கொண்டான். அப்புறம் பூவாயியை நினைத்துக்கொண்டான். மிச்சமிருந்த ஒரே விரலால் விசையை இழுத்தான்.

பொதுவாக அந்தத் துப்பாக்கி இடிபோல முழங்கும். அன்று வயிறு சரியில்லாதவன் இருமியதுபோல ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து அரைப்படி நல்லெண்ணெயும் ஆகாயத்துக்குப் போனது. வெயிலில் பொன்னாகப் பளபளத்துக்கொண்டு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது. பெரும்பகுதி விருமையாவின் தலைப்பாகையில் இறங்கியது. தேங்காய் நார் கடைசியாக வந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

விருமையாவின் மூக்கு நுனியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை குளிக்க வேண்டியது. ஒரு நாள் முன்னாலயே ஆயிருச்சு" என்றான் ஒச்சப்பன், சமாதானமாக.

விருமையா முகத்தை வழித்துக்கொண்டு துப்பாக்கியைக் குனிந்து பார்த்தார். முதலில் நடுவில் பொட்டுபோலக் கருகியிருந்த துளையைப் பார்த்தார். பிறகு பின்முனையைப் பார்த்தார். விரலால் அளந்து பார்த்தார்.

"கட்டை நாலு விரல் குறையுதே மாப்பிள்ளை."

"குறையலை மாமா" என்றான் தவசி. "அந்த முனைதான் இப்ப இந்த இடத்துல உள்ள இருக்கு."

"இந்த இடத்துல என்ன ஆச்சு?"

"வெடிச்சிருந்துச்சு மாமா. நீங்க நல்லா காய வைக்கச் சொன்னீங்க. வச்சேன்."

விருமையா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தவசி கொஞ்சம் ஆறுதலாக இருந்திருப்பான். "பூவாயி, கிளம்பு" என்று மட்டும் சொன்னார். துப்பாக்கியின் குழாயைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார். துப்பாக்கி வந்தது. துப்பாக்கியோடு தவசியும் வந்தான். இரண்டு தடவை உதறிப் பார்த்தார். இரண்டு தடவையும் தவசியும் உதறினான், வரவில்லை.

பஸ் வந்தது. விருமையா வெளியூர்க்காரர் என்பதால் பஸ்ஸை நிறுத்தி ஏறவும் தெரிந்திருந்தது. கண்டக்டர் படியில் கையை வைத்து மறித்தார்.

"பெரியவரே, துப்பாக்கியோட யாரும் ஏறக்கூடாது. இறக்கி வச்சிட்டு வாங்க."

"அதை இறக்கினா ஆளும் இறங்கிருவான்" என்றார் விருமையா.

"அப்ப ஆளும் இறங்கட்டும்."

விருமையா யோசித்தார். துப்பாக்கி போனால் போகட்டும், இனி அதில் என்ன இருக்கிறது. "நீ ஏறும்மா" என்றார் மகளிடம்.

பூவாயி ஏறவில்லை. பலாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் தவசியின் பக்கத்தில் நின்றாள்.

"எப்படிப்பா வர்றது?" என்றாள். "இவருக்கு ரெண்டு கையும் இல்லை. யாரு சோறு ஊட்டுறது, யாரு முகம் கழுவி விடுறது? கை இருக்கும்போதே இந்த லட்சணம்."

விருமையா மகளைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். கட்டையில் ஒட்டுப்போட்ட இடத்தைக் கடைசியாக ஒரு தடவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. "ஒட்டு என்னவோ நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏறிப் போனார். அவர் உட்கார்ந்த சீட்டில் வேறு யாரும் உட்காரவில்லை, வழுக்கியது.

வச்சிரம் வெந்நீருக்கு இளகும் என்று பூவாயிக்கு அந்தக் கைகளைப் பார்த்த அன்றே தெரியும். ஆனால் மூன்று நாள் சொல்லவில்லை. மூன்று நாளும் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். மூன்று மாதக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். தவசி எங்கேயும் எழுந்து ஓடாமல், எதிரிலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்ததில்லை. நாலாம் நாள் காலையில் ஈரத் துணியைச் சுடச்சுடப் பிழிந்து சுற்றினாள். கால் மணி நேரத்தில் கை இரண்டும் வந்துவிட்டன.

ஆனால் இந்த மூன்று நாளும் ஊர் சும்மா இருக்கவில்லை. மாயழகு யோசித்துக்கொண்டே இருந்தான். மாமனார் வந்தார், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார், முடியவில்லை. என்ன காரணம்? கை ஒட்டியிருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

குருநாத ஆசாரியிடம் இருந்த வச்சிரம் பூராவும் அந்த வாரமே தீர்ந்துபோனது. எதற்கு என்று அவர் கேட்டார். குடும்பம் பிரியாமல் இருக்க என்றார்கள். மாயழகு, தன் மாமனார் வருகிறார் என்று தெரிந்ததும் கலப்பையில் இரண்டு கையையும் ஒட்டிக்கொண்டான். நல்லகாமு கொஞ்சம் கௌரவமாக, ஊர் மணியில் ஒட்டிக்கொண்டார். அவர் மூக்கைச் சொறிய நினைக்கும்போதெல்லாம் ஊர் கூடிவிடுகிறது.

ஒச்சப்பன் வீட்டு வாசலில் இருக்கிற பெரிய ஆட்டுக்கல்லில் முழங்கை வரை ஒட்டிக்கொண்டான். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே என்று வழியில் போகிறவர்கள் கேட்டால், "தெரியும். மாமனார் முதல்ல வரட்டும்" என்கிறான்.